வெளியில் சாப்பிட்டது கொப்பியில் வராது

புத்தூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் உதயகலாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். கனடாவில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நீ இடையில் புகுந்து என்னை மடக்கிவிடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கிளினிக்கில் டொக்டர் பிள்ளை, ஒரு மாதத்துக்குள் மூன்று கிலோ குறையாவிட்டால் இன்சுலின் ஊசி என்று சொன்னது உனக்குத் தெரியும். ஊசிக்கு நான் பயப்படுவதும் தெரியும். உன்னைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன அன்று மயங்கி விழுந்தது நான்தான். அதனால் நீ சொன்னபடி கொப்பி வாங்கி, சாப்பிடுவதை ஒரு நாளும் விடாமல் எழுதினேன். காலையில் இடியப்பம் நாலு, சொதி ஒரு அகப்பை. மத்தியானம் அரைச் சுண்டு அரிசிச் சோறு, கீரை, கத்தரிக்காய்க் குழம்பு. இரவு குரக்கன் புட்டு, அதுவும் அம்மா வெங்காயம் நிறுக்கிற தராசில் நிறுத்துத் தருவது. நீயே கூட்டிப் பார்த்துவிட்டு, இது ஒரு குழந்தைக்கும் காணாது என்றாய். அப்படியிருந்தும் நேற்று நிறை மெசினில் ஏறி நின்று பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடிக் கிடக்கிறது.

கொப்பியில் பிழை இல்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் ரைம்கீப்பராய் இருந்தவன் நான். டிப்போவில் இருந்து வெளிக்கிட்ட பஸ்ஸை எழுதுவேன். கோப்பாயில் ஆர் ஏறினது, நீர்வேலியில் ஆர் ஏறினது என்று எழுதுவது என் வேலையில்லை. இங்கேயும் அதே ஒழுங்குதான். எங்கடை குசினியில் இருந்து வெளிக்கிட்டதெல்லாம் கொப்பியில் இருக்கு.

வெளியில் நடந்ததை ஒளிக்க ஒன்றுமில்லை. போன கிழமை அருட்பிரகாசம் அண்ணை செத்த எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதைத்தானே சமைச்சுப் படைக்கிறது. அந்த மனுசன் விரும்பாத சாப்பாடே கிடையாது. நண்டு, இறால், ஆட்டிறைச்சி, வடை எல்லாம் படைச்சு, அவரின்ரை மனுசி அழுதழுது என்ரை இலையிலை அள்ளி வைக்கேக்கை, நான் கொப்பி எழுதிறன் எண்டு சொல்ல ஏலுமே? அதோடை அது அண்ணையின்ரை சாப்பாடு, என்ரை கணக்கிலை எப்பிடிப் போடுறது? வெள்ளிக்கிழமை கோயிலிலை பொங்கலும் பஞ்சாமிர்தமும். பிரசாதத்துக்குக் கலோரி பாக்கிறவன் சைவக்காரனே? பின்னேரங்களிலை றஞ்சித்தின்ரை தேத்தண்ணிக் கடையிலை ரெண்டு ரோல்ஸ், அதுவும் நிண்டுகொண்டு. இருந்து சாப்பிட்டால்தானே பிள்ளை அது சாப்பாடு.

ஆகவே பிழை உன்னுடைய முறையில்தான். எழுதினால் உடம்பு குறையாது என்று நான் செய்து காட்டிவிட்டேன். இன்றோடு கொப்பியை மூடுகிறேன். நீ டொக்டரோடு இங்கிலீசில் கதைத்து, ஊசியை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லு.

மருமகனுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நல்லாய்ப் படித்து, ஊசி தேவைப்படாத உடம்போடு நூறு வயது வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
பரமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை கேட்டு அம்மாவைக் கூப்பிட்டேன், ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு நேர்ஸ் பிள்ளை லவீனாவின் குசினியில் நிற்கிறா. கையில் ஊசி. மேசையில் ஒரு தோடம்பழம். அதில் குத்திக் குத்திப் பழகுகிறா, ஒரு கிழமையாய் நடக்குதாம். அவவுக்கும் ஊசி என்றால் பயம் பிள்ளை. "வேறை ஆர் குத்தினாலும் நீங்கள் ஓடிப்போவியள். அதுதான் நோகாமல் குத்தப் பழகிறன்" எண்டா.

மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்காதை. டொக்டரிட்டையும் ஒன்றும் கேட்காதை. அந்தப் பழத்தை வாங்கி அங்கேயே உரிச்சுத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து எழுதினேன்: பின்னேரம் 4.40, லவீனா வீடு, தோடம்பழம் ஒன்று.