கிண்ணக்கா போட்ட சட்டம்

அடுப்பில் ஒரு சட்டி ரசத்தை மட்டும் வைத்துவிட்டு, மத்தியானம் ஐந்து வகையோடு இலை போட்ட பெண்மணி இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திண்டுக்கல்லில், எங்கள் காம்பவுண்டில், எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் என் மனைவி செல்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அவளுக்கு என்னை மாதிரி எழுதிச் சம்பாதிக்கிற ஆசை கிடையாது, அதனால் உண்மையைச் சொல்வாள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறதாம். காம்பவுண்டின் ஐந்து வீட்டுக்கும் அவர் கிண்ணக்காதான். கையில் எவர்சில்வர் கிண்ணம் இல்லாமல் அவரை நான் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று ஓட்டுப் போடும் வரிசையில். இன்னொன்று ஒரு துக்க வீட்டில். அங்கேயும் திரும்பும்போது முந்தானைக்குள் ஏதோ உருண்டையாகத் தெரிந்தது என்கிறாள் செல்வி. நான் நம்பவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் பக்கமும் இருக்கும். அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஏதாவது வந்தால், அந்தக் கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பொரியலோ கூட்டோ, எதுவும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது. வெறுங்கிண்ணம் நீட்டிய வீட்டை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். காலம் காலமாக இதை எல்லாரும் மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இது ஒரு வருமானம் என்று கண்டுபிடித்தவர் கிண்ணக்கா.

கேஸ் விலை ஏறி, எண்ணெய் விலை ஏறி, சின்ன வெங்காயத்தை வாங்காமல் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாதத்தில்தான் அது நடந்தது. காலை பத்து மணிக்குப் பெரிய சட்டியில் ரசம் வைப்பார். நாலு கிண்ணம் நாலு வீட்டுக்குப் போகும். பன்னிரண்டரைக்குள் அந்த நாலு கிண்ணமும் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், கீரை, அப்பளம் என்று திரும்பி வரும். அவர் புருஷன் வத்தலக்குண்டு போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க 'உள்ள போ, உள்ள போ' என்று கத்துகிற மனிதர், அதனால் வீட்டில் வாயே திறக்க மாட்டார். கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துத் தன் மனைவிக்குத் திடீரென்று கைப்பக்குவம் வந்துவிட்டது என்று அவர் என்னிடம் சொல்லிப் பூரித்துப் போனார். நானும் ஆமாண்ணே என்று சொல்லிவைத்தேன்.

அந்த ரசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்காளி விலை தலைக்கு மேல் போன நாட்களில், ஒரு தக்காளி அந்தச் சட்டிக்குள் விருந்தாளி மாதிரி இறங்கி, நலம் விசாரித்துவிட்டு, முழுசாக வெளியே வந்துவிடும். மறுநாளும் அதே தக்காளிதான் போகும். சிலிண்டர் போடுகிறவர் அவர் வீட்டுக்கு வந்தே ரொம்ப நாளாகி, ஒரு முறை வந்தபோது, புதுசாகக் குடி வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையானால் கிண்ணம் பெரிதாகும். அன்று திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் நடந்தாலும் சீரகச்சம்பா வாசம் வரும். கிண்ணக்கா வாசலில் நின்று மூக்கைத் தூக்கி ஒரு சுற்று மோந்து பார்ப்பார். எந்த வீட்டில் பிரியாணியோ அந்த வீட்டுக்குத்தான் அன்று முதல் ரசம். அது பெரும்பாலும் மூன்றாம் வீட்டு ரோசலின் டீச்சர் வீடாக இருக்கும். டீச்சர் பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கிண்ணம் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும்.

வந்ததை எல்லாம் அவர் சாப்பிட்டுவிடுவார் என்றும் இல்லை. ஒரு நாள் செல்வி சுண்டைவத்தல் குழம்பு வைத்து அவர் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதை டீச்சர் வீட்டுக்குத் தள்ளினார். டீச்சருக்குக் கசப்பு ஆகாது, கடைசி வீட்டுப் பூக்கடைக்காரர் மனைவிக்குக் கொடுத்தார். அந்தம்மா நாலாம் வீட்டுக்கு. நாலாம் வீட்டம்மா நல்ல மனசோடு சாயங்காலம் அதை எங்களுக்கே கொண்டுவந்து கொடுத்தார். செல்வி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, யார் வைத்த குழம்போ, உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள், இவளெல்லாம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாளோ என்றாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். குடும்பத்தில் நிம்மதி முக்கியம்.

ஒரு தடவை கிண்ணக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், இது நியாயமா என்று. அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"ஏன் அப்பு, அஞ்சு வீட்லயும் அஞ்சு வகை வச்சா இருவத்தஞ்சு தடவ அடுப்பு எரியணும். வீட்டுக்கு ஒண்ணு வச்சா அஞ்சு தடவ. நீ ஆபீஸ்ல உக்காந்து என்னதான் எழுதுறியோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். செல்வியும் தொட்டுக்கொள்ள ஒரே ஒரு வெஞ்சனம் செய்வதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள், எங்கள் சிலிண்டரும் கூடப் பத்து நாள் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் கஞ்சம் கஞ்சம் என்று அவரைத் திட்டுவதை நாங்கள் விடவில்லை. காம்பவுண்டில் இருப்பவர்களுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டாமா?

அப்போதுதான் எங்களுக்குச் சனி பிடித்தது. ஊருக்கு வெளியே ஒரு நூல் மில் ஆபீசில் எனக்கு வேலை. ஆர்டர் இல்லை என்று மாசத்தில் பாதி நாள்தான் வேலை, பாதிச் சம்பளம் என்று ஆக்கிவிட்டார்கள். இது காம்பவுண்டுக்குத் தெரியவே கூடாது என்று செல்வி சொல்லிவிட்டாள். வேலையில்லாத நாளிலும் ஒன்பது மணிக்குத் தேய்த்த சட்டையும் டிபன் பாக்சுமாகக் கிளம்பிவிடுவேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புவேன். நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அப்படிக் களைப்பு தருகிற வேலை.

வாடகை கொடுத்தது போக மிச்சம் இருப்பதில் செல்வி எப்படியோ ஓட்டினாள். ஆனால் கிண்ணக்காவின் கிண்ணம் தினமும் வந்து நின்றது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேள்வி வரும். வாங்கிவிட்டால் திருப்பிப் போட ஏதாவது வேண்டும். முதலில் பொரியல் போனது, பிறகு சட்னி போனது, பிறகு சர்க்கரை. சர்க்கரையும் தீர்ந்த நாளில் செல்வி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"வெறுங்கிண்ணத்த ஒருத்தர் முன்னாடி நீட்டுற நெலம வந்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேங்க. சாணார்பட்டியில அண்ணன் தோட்டத்து வீடு சும்மாதான் கெடக்கு. போயிருவோம்."

அவள் சொன்னால் செய்வாள். தோட்டத்து வீட்டுக்குப் போனால் எனக்கு மிச்சமிருந்த பாதி வேலைக்கும் தினமும் பஸ் மாறிப் போக முடியாது. அதுவும் போய்விடும். இது தெரிந்தும் அவள் சொன்னாள்.

மாசக் கடைசி. கிண்ணக்காவின் கிண்ணங்கள் மூன்று எங்கள் அலமாரியில் திரும்பாமல் சேர்ந்துவிட்டன. காம்பவுண்டு சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. செல்வி டப்பாக்களைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு கை துவரம்பருப்பு இருந்தது. மறுநாள் எங்கள் சமையலே அதுதான். அந்த ஒரு கைப் பருப்பை மூன்று கிண்ணத்திலும் பிரித்துப் போட்டு, எடுத்துக்கொண்டு போனாள்.

கிண்ணக்கா மூன்று கிண்ணத்தையும் உற்றுப் பார்த்தாராம். அடிகூட மறையாத அளவுக்குப் பருப்பு. பிறகு செல்வியின் முகத்தைப் பார்த்தாராம். பருப்பில் வண்டு விழுந்திருக்கிறதே, செத்த நேரம் வெயிலில் போட்டிருக்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செல்வி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கிண்ணக்காவை என் வாயில் வந்த எல்லா வார்த்தையாலும் திட்டினேன். பரணில் இருந்த பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள் செல்வி.

மறுநாள் குழாயில் தண்ணீர் வருகிற நாள். நாலைந்து நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர் என்பதால் ஐந்து வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். தண்ணீர் பிடிக்க வந்த கிண்ணக்கா, அவ்வப்போது தன் வீட்டில் தங்கிப்போன எல்லாருடைய வீட்டுக் கிண்ணங்களையும் அடுக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் கிண்ணம், பூக்கடையம்மா கிண்ணம், நாலாம் வீட்டுக் கிண்ணம், எங்கள் கிண்ணம். ஒவ்வொருத்தர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். நாலும் வெறுங்கிண்ணம்.

டீச்சர் கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, என்னக்கா இது என்றார்.

"வெறுங்கிண்ணந்தேன். விக்கிற வெலைக்கு இனிமே எங்கிட்ட வர்ற கிண்ணம் எல்லாம் வெறுசாத்தான் திரும்பும். நீங்களும் எனக்கு வெறுசாவே குடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இனிமே இந்தக் காம்பவுண்டுக்கு இதான் சட்டம்."

பூக்கடையம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். இம்புட்டு நாளும் எங்கள் வீட்டு வெஞ்சனத்தைத் தின்றுவிட்டு, கொடுக்கிற முறை வந்ததும் சட்டம் பேசுகிறீர்களா என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், அச்சில் போட முடியாது. கிண்ணக்கா குழாய்க்குக் கீழே தன் குடத்தை நகர்த்தி வைத்தார். குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நானும் வீட்டில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா, மனுஷிதானா அவர் என்று கேட்டேன். செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய மூடிக்கிட்டு உக்காருங்க. அது நமக்காகப் போட்ட சட்டம்" என்றாள். அவள் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மற்ற மூன்று வீடும் கிண்ணக்காவோடு பேச்சை நிறுத்தின. ஆனாலும் பத்து மணிக்கு நாலு வீட்டுக்கும் கிண்ணம் வந்தது. எங்களுக்கு மட்டும் கொடுத்தால் தெரிந்துவிடும் அல்லவா? அதுவும் இப்போது ரசம் இல்லை. கரண்டி நிற்கிற மாதிரி பருப்புச் சாம்பார். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கிண்ணம், மற்றவர்களுக்குச் சின்னது. இரண்டு அடுப்பும் எரிய, சிலிண்டர் போடுகிறவருக்கு அவர் முகம் மனப்பாடமாகிவிட்டது. கண்டக்டர் அண்ணன் என்னிடம் வந்து, வீட்டில் ஏதும் விசேஷமா, உனக்குத் தெரியுமா என்று பயந்து கேட்டார்.

முதல் நாள் செல்வி கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, காலியாக எடுத்துக்கொண்டு போனாள். அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிண்ணக்கா வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில புளி ஒட்டிக்கிட்டு இருக்கு, கிண்ணம் வெளக்கத் தெரியலயேத்தா உனக்கு" என்றார். செல்வி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். அவள் சிரித்து ஒரு மாதமாகியிருந்தது.

நாலு மாதம் அப்படி ஓடியது. மில்லில் மறுபடி முழுநேரம் வேலை கொடுத்தார்கள். முழுச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி பிரியாணி செய்து, கிண்ணத்தில் கூம்பாக அமுக்கி எடுத்துப் போனாள். காம்பவுண்டில் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களை இப்படிப் பேசுவதைக் கேட்க முடியவில்லை என்றாளாம்.

"நீ சொன்னேன்னா உன் வீட்டுக் கிண்ணத்த நான் தொடவே மாட்டேன். என்னப் பேசுனா எனக்கு வலிக்காது. உனக்கு வலிக்கும்" என்றாராம் கிண்ணக்கா. பிறகு கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோய், கறி கொஞ்சம் கம்மிதான் என்றாராம்.

அந்த வாரமே சட்டம் ரத்து. மறுபடி தண்ணீர் ரசம் வர ஆரம்பித்தது. விலைவாசி ஒன்றும் இறங்கவில்லை.

போன வாரம் அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். புத்தகம் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். எனக்கு வாங்கித் தராதே, டீச்சர் வீட்டில் வாங்குகிறார்கள், ஓசியில் படித்துக்கொள்கிறேன் என்றார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் எனக்கு நல்ல பாட்டு இருக்கிறது.

செல்வியிடம் கேட்டேன். எழுதுங்க என்றாள். டீச்சர் படிப்பார், பூக்கடையம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவார். ஒரு கைப் பருப்பை மூன்று கிண்ணத்தில் போட்ட வீடு எங்கள் வீடுதான் என்று ஐந்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். எங்கள் அக்காவை இனிமேல் யாரும் கஞ்சம் என்று சொல்லக் கூடாது.