இடியப்பத் தொட்டியில் மாப்பிள்ளை

ஜெனரேற்றருக்கு ஊற்றக் கையில் இருந்தது ஒன்றரைப் போத்தல் மண்ணெண்ணெய்தான். அதற்குள் மாப்பிள்ளையைக் காட்டி முடிக்க வேண்டும்.

"காணுமோ கதிரவேலு?" என்று சந்தியோகு கேட்டார்.

"முழுப்படம் எண்டால் காணாது அண்ணை. ஒரு மாப்பிள்ளைக்குக் காணும்."

கதிரவேலு உரும்பிராய்க்காரர். ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு சின்ன ஜெனரேற்றர் மூன்றையும் இரண்டு சைக்கிள்களில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாடகைக்குப் படம் காட்டுகிறவர். கரண்ட் என்ற சாமானையே யாழ்ப்பாணம் மறந்துபோயிருந்த தொண்ணூற்று நாலாம் ஆண்டு அது. விளக்குத் திரியைத் தணித்துத் தணித்து மிச்சம் பிடித்த எண்ணெயில் ஒரு மணித்தியாலம் ரீவி பார்த்த சனம் நாங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் தும்முகிறவனைக்கூட எல்லோரும் திரும்பி முறைப்பார்கள். இன்றைக்கு வீட்டுக்கு மூன்று ரீவி இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. அந்த ருசி போய்விட்டது, என்ன செய்வது.

சந்தியோகு குருநகர்க் கடற்தொழிலாளி. ஒரே மகன் கிறகோரி ரொறொன்ரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். வயது முப்பத்து நாலு. ஏற்கெனவே பேசிய இரண்டு கலியாணம் குழம்பிப்போயிருந்தது. முதல் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் போட்டோ பழசு என்றார்கள். இரண்டாவது பெண்வீட்டார் அங்கே ஒருத்தி இருப்பாளோ என்று சந்தேகப்பட்டார்கள். சந்தியோகு விளக்கம் சொல்லப்போய் இரண்டும் முறிந்தது. மகன் கடைசியாக எழுதியிருந்தான்: "அப்பா, இதுவும் சரிவராட்டி என்னை விடுங்கோ. நான் இப்பிடியே இருந்திட்டுப் போறன்." அந்த வரியை வாசித்த நாளிலிருந்து சந்தியோகுவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவதாகப் பொருந்தி வந்தது பாசையூரில் இருந்த செபநாயகத்தின் மகள் இராசாத்தி. செபநாயகம் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "படம் வேண்டாம் அண்ணை. பெடியன் நடந்து கதைக்கிறதைப் பாக்கவேணும்."

அதற்காகத்தான் கிறகோரி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். வழிச் சோதனைக்குத் தப்ப மாப்பெட்டிக்குள் ஒளித்து, கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் கசெற் வந்து சேர்ந்தது. போன கிழமை சந்தியோகு அதைக் கதிரவேலுவைக் கொண்டு போட்டுப் பார்த்தார். கோட்டும் ரையும் கட்டிய கிறகோரி கும்பிட்டான், கதைத்தான், இரண்டு காலும் நல்ல கால் என்று காட்ட நாலு அடி நடந்து திரும்பினான். உடனே சந்தியோகு, "நிப்பாட்டு, நிப்பாட்டு. மிச்சம் புள்ளி புள்ளியாத்தான் இருக்கும், எண்ணெயை வீணாக்காதை" என்றுவிட்டார்.

அந்த நேரம் அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் செலவழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெளிக்கிடும்போது மனைவி செபஸ்தியம்மா வாசல்வரை வந்து சொன்னார்: "கசெற் கதைக்கட்டும், நீங்கள் கதையாதேங்கோ. முந்தின இரண்டும் போனது உந்த வாயாலைதான்."

"நான் எங்கையப்பா கதைக்கிறன்?" என்று சந்தியோகு அங்கேயே அரைமணித்தியாலம் கதைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாசையூரில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வெளிச்சம் வராமல் யன்னல்களில் படுக்கை விரிப்புகள் தொங்கின. செபநாயகத்தின் குடும்பம் தீவுப்பகுதியில் கரம்பனிலிருந்து இடம்பெயர்ந்து வந்து யாரோ விட்டுப்போன வீட்டில் இருந்தது. உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறியவர்கள். சுவரில் திருஇருதயப் படத்தைத் தவிர வேறு ஒரு படமும் இல்லை. செபநாயகத்தின் மனைவி லூர்த்தம்மா வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் வைத்துவிட்டுக் குசினி வாசலோடு நின்றார். அவருக்குப் பின்னால் இராசாத்தி நின்றாள்.

"எங்கடை மூத்தவனும் வெளியிலைதான்" என்று செபநாயகம் கதையைத் தொடங்கினார். "நாங்கள் கரம்பனிலை இருக்கேக்கை வெளிக்கிட்டவன். பிறகு நாங்கள் இஞ்சாலை வந்தாப்போலை…"

"வெளியிலை இருக்கிறதெல்லாம் ஒண்டில்லை, கண்டியளோ" என்று சந்தியோகு குறுக்கே விழுந்தார். "என்ரை பெடியன் போன நாள் தொட்டு ஒரு கிழமை வேலை விட்டவனில்லை." கரம்பனில் இப்போது கடிதம் வாங்கவும் ஆளில்லை, கொடுக்கத் தபால்காரனும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மற்றவரின் கதையைக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. செபநாயகம் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"டெக்கிலை ஒருத்தரும் கை வைக்கவேண்டாம்" என்று கதிரவேலு எச்சரித்தார். "கனடாக் கசெற்றும் ஓடுற டெக் இது. ஆனா நான் இல்லாமல் ஆரும் தொட்டால் கசெற்றைத் தின்னும்." சொல்லிவிட்டு வெளியே போய் ஜெனரேற்றரை இழுத்தார். அது இருமி, புகைத்து, ஊரையே எழுப்பியது.

கிறகோரி ரீவியில் தோன்றினான். "மாமா, மாமி எல்லாருக்கும் வணக்கம். நான் சுகம்" என்றான். நாலு அடி நடந்தான். திரும்பினான். சிரித்தான்.

"நல்ல அமைதியான பெடியன்" என்றார் செபநாயகம். குசினி வாசலில் வளையல் ஒன்று மெல்லக் கிணுங்கியது. சந்தியோகு காலை நீட்டி உட்கார்ந்தார். மகன் கரை சேர்ந்துவிட்டான் என்று நெஞ்சு குளிர்ந்தது.

ரீவியில் புள்ளி புள்ளியாக வந்தது. பிறகு "டும், டும், டும்" என்று வீடு அதிர்ந்தது.

தகப்பனின் கைச்சிக்கனம் மகனுக்கும் இருந்தது. புதுக் கசெற் வாங்க மனம் வராமல், ஏற்கெனவே ஏதோ பதிந்திருந்த கசெற்றில்தான் அவன் வணக்கம் சொல்லியிருந்தான். அடியில் கிடந்த பழசு இப்போது தலையைத் தூக்கியது.

அந்த நாட்களில் அமெரிக்காவில் ராப் பாட்டுக்காரர் சிலர் கழுத்து முறியத் தங்கச் சங்கிலி போட்டு, கப்பல் போன்ற காரில் இருந்து காசை வீசியபடி கடகடவென்று பேச்சாலேயே பாடி வீடியோ விடுவார்கள். கோப்பை கழுவிக் களைத்த எங்கள் பெடியள் அதைப் பகிடி பண்ணித் தாங்களும் ஒன்று எடுத்திருந்தார்கள். உங்களுக்கு இது விளங்கும். சந்தியோகுவுக்கு எப்படி விளங்கும்?

அவர் கண்டது இதைத்தான். முழங்கால்வரை பனி. அதில் கடைச் சாமான் தள்ளுகிற வண்டில் ஒன்று, முன்னுக்கு இரண்டு ரோச் லைற் கட்டி, கார் மாதிரி வருகிறது. அதற்குள் கறுப்புக் கண்ணாடியோடு கிறகோரி. கழுத்தில் பொன் பெயின்ற் அடித்த நங்கூரச் சங்கிலி. சங்கிலியில், பொன்தாளில் சுற்றிய முழு அறக்குளா மீன் ஒன்று தொங்குகிறது.

"கதிரவேலு, நிப்பாட்டு" என்று சந்தியோகு கத்தினார். ஜெனரேற்றர்ச் சத்தத்தில் கதிரவேலுவுக்குக் கேட்கவில்லை. டெக்கைத் தொடவும் பயம்.

"உதென்ன அண்ணை?" என்றார் செபநாயகம்.

"அது… பெருநாள். அந்தோனியார் பெருநாள்."

"கழுத்திலை மீனோ?"

"அந்தோனியார் மீனுக்குப் பிரசங்கம் வைச்சவரெல்லே. அங்கை அதை மறக்கேல்லை. நாங்கள்தான் மறந்திட்டம்."

செபநாயகம் அரைமனதோடு தலையாட்டினார். சந்தியோகு மூச்சு விடமுன் அடுத்த காட்சி வந்தது. குளிக்கிற தொட்டி ஒன்று நிறைய இடியப்பம். அதற்குள் கிறகோரி கழுத்தளவு புதைந்து கிடக்கிறான். பின்னால் நின்ற ஒருவன் பொன்நிறக் குடத்தால் அவன் தலையில் சொதி ஊற்றுகிறான். பங்கீட்டுச் சீட்டுக்கு வாங்கும் மாவில் எண்ணி எண்ணி இடியப்பம் பிழிகிற லூர்த்தம்மா தலையில் கை வைத்தார்.

"மருந்துக் குளிப்பு" என்றார் சந்தியோகு.

"என்ன வருத்தத்துக்கு?"

"தோலுக்கு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"பெடியனுக்குத் தோல் வருத்தமோ?"

"சீச்சீ, அவனுக்கில்லை. அந்த ஊரிலை எல்லாருக்கும் வாறது."

"அப்ப ஒட்டுற வருத்தமோ?"

சந்தியோகுவின் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரீவியில் இப்போது கிறகோரி பனிக்கு நடுவில் கட்டிலில் இருந்தான். இரண்டு பக்கமும் சீலை கட்டின இரண்டு உருவங்கள். அவன் இரண்டு தோளிலும் கை போட்டிருந்தான். செபநாயகத்தின் முகம் கறுத்தது. சந்தியோகு எழுந்து ரீவிக்குக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். பொய்முடி வைத்துச் சீலை சுற்றிய, வீடு கூட்டுகிற தும்புத்தடிகள்.

"பாருங்கோ, வடிவாப் பாருங்கோ" என்று கண்ணாடியைத் தட்டினார். "தும்புத்தடி. பொம்பிளை எண்டால் என்ரை பிள்ளைக்குத் தும்புத்தடிதான் தெரியும். வேறை ஒரு பழக்கமும் இல்லை."

குசினி வாசலில் இராசாத்தி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிள்ளை அழுகிறது என்று நினைத்துச் சந்தியோகு கண்ணாடியை இன்னும் வேகமாகத் தட்டினார்.

அப்போதுதான் சொதி ஊற்றினவன் முன்னுக்கு வந்தான். கரடி மயிர்க் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, தலையில் தகரத்தாள் கிரீடம். ஆடி ஆடிக் கட்டுக்கட்டாகக் காசை வீசினான்.

"காசெல்லே எறியினம்" என்றார் செபநாயகம்.

"அந்தக் கோட்டுக்காரன்தான் எறியிறான். என்ரை பெடியன் பொறுக்கிறான், பாருங்கோ."

செபநாயகம் கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்தார். "அந்தக் கோட்டுக்காரன் ஆர்?"

கடவுளே வழி காட்டுகிறார் என்று சந்தியோகுவுக்குத் தோன்றியது. பழியை இறக்கி வைக்க ஒரு தலை கிடைத்துவிட்டது. அந்தத் தலை யாருடையது என்று அவருக்குத் துண்டாகத் தெரியாது. அதனால் என்ன.

"உவன் ஒரு விசரன். இந்தக் கூத்தெல்லாம் உவன்ரை வேலை. என்ரை பெடியன் இரக்கப்பட்டுத் தன்ரை அறையிலை வைச்சிருக்கிறான்."

"ஒரே அறையிலையோ?"

"ஓம். போக்கிடமில்லாத சீவன்."

செபநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடுறவனோ?"

இதென்ன கேள்வி என்று சந்தியோகு யோசித்தார். வாயில் வந்த வெள்ளத்தை நிறுத்தவும் முடியவில்லை. "சாப்பாடோ? மாடு மாதிரித் தின்னுவான். அதுவும் என்ரை பெடியன்ரை காசிலை."

"நல்லது" என்றார் செபநாயகம்.

"என்ன நல்லது? தாய் தேப்பன் சரியில்லை, கண்டியளோ. பெத்துப்போட்டு ஒரு கடிதம் போடாத சனம். உப்பிடிச் சனத்தின்ரை பிள்ளை உப்பிடித்தான் நிக்கும்."

திரையில் கோட்டுக்காரன் ஒரு பழைய குளிர்ப்பெட்டியை நோக்கிப் போனான். ஏறமுன் குனிந்து பனியைத் தொட்டு, நெற்றியில் வைத்து, சிலுவை போட்டான். கடலில் இறங்கமுன் தண்ணீரைத் தொட்டு எங்கள் ஆட்கள் செய்வதுதான். ஆனால் இவன் இடது கையால் செய்தான்.

"பாத்தியளோ" என்றார் சந்தியோகு. "சிலுவை போடுறதும் இடக்கையாலை. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

கோட்டுக்காரன் குளிர்ப்பெட்டியில் ஏறி, கையை விரித்து, பனிக்குள் தலைகீழாகப் பாய்ந்தான். ஜெனரேற்றர் இரண்டு தரம் விக்கியது. திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியானது. புள்ளியும் போனது.

இருட்டில் தடவித் தடவிக் கதிரவேலு உள்ளே வந்து, "எண்ணெய் முடிஞ்சுது அண்ணை. மாப்பிள்ளை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

முடிந்தது என்றுதான் சந்தியோகுவும் நினைத்தார். யன்னல் விரிப்பை விலக்கியபோது செபநாயகத்தின் கன்னம் நனைந்திருந்ததைக் கண்டார். ஒரு நல்ல மனிசனை அவருடைய வீட்டிலேயே வைத்து அழப் பண்ணிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட மகனை நினைக்கத்தான் தாங்க முடியவில்லை. தூர தேசத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, பேச ஒரு துணையில்லாமல், தும்புத்தடிக்குச் சீலை கட்டிச் சிரிக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவிருந்த ஒரு வாழ்வை இந்த வாய் தின்றுவிட்டது. செபஸ்தியம்மாவுக்கு எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"நான் வாறன்" என்று மெல்லச் சொல்லி எழுந்தார். "குறை நினையாதேங்கோ. பெடியனிலை பிழையில்லை. என்ரை வாய்தான்."

அவர் வாசலைத் தாண்டமுன், அதுவரை ஒரு சொல் பேசாத லூர்த்தம்மா குசினிக்குள் இருந்த விளக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து கதிரவேலுவின் கையில் கொடுத்தார்.

"சம்பந்தி, இருங்கோ. கதிரவேலு அண்ணை, இதிலை இருக்கிற எண்ணெயையும் ஊத்தி இன்னொருக்காப் போடுங்கோ. எவ்வளவு அடிச்சும் என்ரை மூத்தவன்ரை இடக்கைப் பழக்கம் மாறேல்லை, ஆனா பாருங்கோ, குளிருக்கு நல்ல கோட்டுப் போட்டிருக்கிறான்."