மூன்று இருமல்

அயலவருக்கு நன்மை என்று நாம் உறுதியாக நம்பும் ஒன்றை, அவர் வீட்டுக்குள் யாருக்கு என்ன ஆகும் என்று விசாரியாமலே செய்துவிடலாமா? சூழலியலில் பட்டம் பெற்ற என்னிடம் எந்தப் பேராசிரியரும் இதைக் கேட்டதில்லை. எங்கள் தெரு ஸ்பானர் அண்ணையின் கார்தான் கேட்டது.

ரொறன்ரோ மாநகரிலேயே தன் காரின் ஹோர்னைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவைத்திருந்த ஒரே மனிதர் அவர். "ஹோர்ன் அடிக்கிறது ஆக்களை ஏசுறதுக்குச் சமன், பிள்ளை," என்பார். கைபேசியும் கிடையாது. சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்பானர். அவருடைய அறுபது வருடப் பழைய சாம்பல்நிறப் பிரித்தானியக் கார், ரூஜ் பகுதியிலுள்ள எங்கள் தெருமுனையில் திரும்பும்போது மூன்று முறை இருமும். அதன் புகையில் நான்கு வீடுகள் மறையும்.

புகையை நிறுத்தக் கோரி நகரசபைக்கு ஒரு பெட்டிசம் எழுதினேன். தெருவே கையெழுத்திட்டது. நேர்மை கருதி அண்ணையிடமும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"கறுப்புப் புகை எண்டு எழுதியிருக்கிறியள். இது நீலம். நீலமெண்டா ஒயில் எரியுது. பிழையான விசயத்தை அனுப்பக்கூடாது."

திருத்தினார். கீழே தானும் கையெழுத்திட்டார்.

அதை அனுப்பும் தேவை ஏற்படவில்லை; கையெழுத்திட்ட கையோடு அவர் வேறு எஞ்சின் தேடத் தொடங்கினார். ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில், அதே கம்பனி பின்னாளில் செய்த ஒரு வான் வண்டியின் எஞ்சினை அண்ணை கண்டுபிடித்துவிட்டார்.

"வேற எஞ்சினை இந்தக் கார் ஏற்குமோ அண்ணை?"

"இது வேறையில்லைப் பிள்ளை. தம்பியின்ர கிட்னியைத் தமையனுக்கு வைக்கிற மாதிரி. உடம்பு தள்ளாது."

தள்ளவில்லை. பூசை முடியாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று வியாழக்கிழமை காரைக் கோயிலுக்கு ஓட்டினார். துணைக்கு நானும் போனேன்.

"இந்தக் காருக்குப் போன வருசமும் பூசை செய்தனாங்களல்லோ?" என்றார் ஐயர்.

"கார் பழசு ஐயா, எஞ்சின்தான் புதுசு. பொனற்றைத் திறக்கிறன், உள்ளுக்கு மட்டும் செய்யுங்கோ."

"என்ன நட்சத்திரம்?" என்று ஐயர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். எஞ்சின் முதன்முதலாக உயிர்த்த நாளை விரல்விட்டு எண்ணிய அண்ணை, "ரோகிணி," என்றார்.

அஜக்ஸில் அண்ணைக்குக் கார் திருத்தும் கராஜ் ஒன்று உண்டு; அன்றிரவு கார் அங்கேயே நின்றது. மறுநாள் வெள்ளி. அண்ணையின் மனைவி ராணி அக்காவுக்குச் சீனி வருத்தம் எனும் நீரிழிவால் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. வெள்ளிக்கிழமைக் கோயில்தான் வாரத்தில் அவர் வெளியே போகும் ஒரே பயணம். கராஜிலிருந்து அண்ணை நேரே வருவார். பழைய எஞ்சினை நிறுத்தினால் மறுபடி உயிர்க்காது என்பதால் காரைவிட்டு இறங்கமாட்டார். மூன்று இருமல் கேட்டதும் அக்கா பூக்கூடையோடு சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வருவார். புது எஞ்சின் என்பது அக்காவுக்குத் தெரியும். அது இருமாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கார் ஓசையின்றி வந்து நின்றது. அக்கா உள்ளே காத்திருந்தார். அக்காவுக்கு ஏதோ கோபம் என்று எண்ணிய அண்ணை, பழக்கம் மாறாமல் காருக்குள்ளேயே காத்திருந்தார். என் வீட்டுச் சன்னல் வழியே ஒரு மணி நேரம் பார்த்திருந்த நான் போய்க் கதவைத் தட்டினேன். அக்காவின் கன்னம் நனைந்திருந்தது.

"இவர் இன்னும் வரேல்லைப் பிள்ளை. றோட்டில ஏதும் நடந்திட்டுதோ?"

"வாசலிலதான் நிக்கிறார் அக்கா."

நான் கேட்ட சுத்தமான காற்று தெருவுக்குக் கிடைத்திருந்தது. அதற்கு ஈடாக அக்காவிடமிருந்து எதை எடுத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

"ஹோர்னை எடுத்துத் திரும்பக் காரில பூட்டுங்கோ அண்ணை," என்று கெஞ்சினேன்.

"என்ர மனிசியை நான் ஏசுறதோ?"

அடுத்த வெள்ளி அண்ணை காரைவிட்டு இறங்கினார். வாசலில் நிமிர்ந்து நின்று, தன் வாயாலேயே மூன்று முறை இருமினார்; மூன்றாவதில் பழைய எஞ்சினின் விக்கலும் இருந்தது. கதவு திறந்தது.

"பழசு இதைவிட வடிவா இருமும்," என்றார் அக்கா.

பெட்டிசங்களை இப்போதும் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட வீட்டின் கதவை முதலில் தட்டிவிட்டுத்தான். சென்ற இளவேனிலில் அண்ணை முழங்கால் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் அக்காவை நானே கோயிலுக்கு அழைத்துப்போனேன். என்னுடையது மின்சாரக் கார்; சத்தமே வராது. வாசலில் இறங்கி நின்று மூன்று முறை இருமினேன்.