பால்கனி மேல் ஒரு புகார்

"ஒரு காசு கூட ஏற்றித் தரமாட்டேன்! இந்த வீட்டை விட்டு ஓரடி நகரவும் மாட்டேன்!" என்று புகார்க்காரர் முழங்கினார்.

வீட்டுக்காரர் மூன்று மாடி இறங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பி, தெருமுனை திரும்பி, அந்தச் சத்தமும் முழுதாக அடங்கிய பிறகுதான் முழங்கினார்.

புகார்க்காரர் என்றதும் அவர் புகார் செய்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் புகார் கேட்கிறவர். தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை ஊரார் திட்டுவதைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் கத்துவார். ஓடிய மோட்டார் நிற்கவில்லை என்று இன்னொருவர் கத்துவார். இருவருக்கும் அவர் பதில் ஒன்றுதான்.

"பார்க்கிறோம் சார்."

பத்தொன்பது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, அவருக்குச் சொந்தமாகப் புகார் செய்கிற சக்தியே போய்விட்டது. சமையலறைக் குழாய் ஆறு வருஷமாகச் சொட்டுகிறது. அதைச் சொல்ல மூன்று தடவை வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். முதல் தடவை, வீடு ரொம்பக் காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை வீட்டுக்காரரின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு வந்தார். மூன்றாம் தடவை, இரண்டு நாள் முன்னதாகவே வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மனைவியைக் குடியிருப்பு முழுவதும் தையலம்மா என்று கூப்பிடும். பள்ளிச் சீருடை, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் தைப்பார். தையல் மிஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நீளமான துணி தைக்க வேண்டும் என்றால் பீரோ கதவைத் திறந்து துணியை உள்ளே விட வேண்டும். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

வெளிச்சமான இடம் ஒன்று வீட்டில் இல்லாமல் இல்லை. பால்கனி இருந்தது. ஆனால் அங்கே புகார்க்காரரின் சாய்வு நாற்காலி இருந்தது. மாலை ஆறு மணிக்கு அதில் சாய்ந்து, கம்பி மேல் காலைத் தூக்கிப் போட்டு, எதிர்வீட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கேட்ட வசவு எல்லாம் காற்றோடு போய்விடும். அந்தப் பால்கனிக்காகத்தான் அவர் இந்த வீட்டையே பிடித்தார்.

"மிஷினை அங்கே போட்டுக்கட்டுமாங்க?" என்று தையலம்மா நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கலாம்மா" என்று அவரும் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"பெரிய ரோட்டுல ரயில் ஸ்டேஷன் வருது சார். தூண் எழுப்பிட்டாங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். ரொம்ப அழகான தூண்."

"தூண் ஏறினா வாடகையும் ஏறுது சார். பக்கத்துத் தெருவுல இதே மாதிரி வீடு எவ்வளவுக்குக் கேக்கறாங்க தெரியுமா? நான் நியாயமா கால் பங்குதான் ஏத்தறேன். ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்குள்ள யாராவது வந்தா வீட்டைக் காட்டிடுங்க, உங்களுக்குச் சரிப்படலைன்னா அவங்களுக்கு விட்டுடறேன்."

"பார்க்கிறோம் சார்" என்றார் புகார்க்காரர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த முழக்கம்.

தையலம்மா வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணியை அளந்துகொண்டிருந்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்த பிறகு கேட்டார்.

"ஏத்தியும் தரமாட்டீங்க, காலியும் பண்ணமாட்டீங்க. அப்புறம் எப்படி?"

"வீட்டைப் பார்க்க யாராவது வந்தாத்தானே அவர் நம்மளை மிரட்ட முடியும்? வர்றவங்க எல்லாம் தலைதெறிக்க ஓடிட்டா?"

"ஏன் ஓடுவாங்க?"

"நான் ஓட வைப்பேன். இந்த வீட்டுல இருக்கற குறையெல்லாம் எடுத்துச் சொல்லுவேன். இல்லாத குறையும் சொல்லுவேன். பத்தொன்பது வருஷமா குறை கேட்டவன் நான். எந்தக் குறையைச் சொன்னா வயித்தைக் கலக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்களா? குறை சொல்லப் போறீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்டதான் வாய் வராது. வழியில போறவங்ககிட்ட என்ன?"

தையலம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "உங்க சாமர்த்தியம்" என்று சொல்லி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை புகார்க்காரர் அலுவலகம் போய் மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் மனைவி கட்டில் நிறைய நீல நிறத் துணியைப் பரப்பி ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா இவ்வளவு நீளமாத் திரை?"

"ஒரு வீட்டுக்கு. இனிமேதான் ஜன்னலே வைக்கப் போறாங்களாம்."

"ஜன்னல் வைக்கறதுக்கு முன்னாடியே திரையா? வசதியானவங்கதான் போல."

செவ்வாய்க்கிழமை காலை தையலம்மா சீருடை மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். "யாராவது வந்தா உள்ளே விட்டு எல்லாத்தையும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புகார்க்காரர் உடனே காரியத்தில் இறங்கினார். குழாய்க்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துவிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று தகர வாளியை வைத்தார். கூடத்துச் சுவரில் உள்ளங்கை அளவு இருந்த ஈரக் கறையை ஈரத் துண்டால் ஒற்றி ஒற்றித் தாம்பாளம் அளவுக்கு வளர்த்தார்.

பத்து மணிக்குக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்தார்.

"வீட்டுக்காரர் அனுப்பினார். தண்ணி எல்லாம் எப்படி வருது சார்?"

"வருதா! போகமாட்டேங்குது சார்! கேளுங்க இந்தச் சத்தத்தை. டொக்கு, டொக்கு. ஆறு வருஷமாத் தூக்கமே இல்லை. குளியலறைக்கு வாங்க. குளிச்ச தண்ணி வெளியே போக அரைமணி நேரம் ஆகும். அதுக்குள்ள இன்னொரு தடவை குளிச்சுக்கலாம்."

வந்தவர் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார். சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். "ரொம்ப விவரமாச் சொன்னீங்க சார், நன்றி" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

"ஒண்ணு ஒழிஞ்சது" என்று புகார்க்காரர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

புதன்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்மணி ஒருவர் வந்தார். வந்ததும் வராததுமாகச் சுவரில் கையை வைத்தார்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க அம்மா! போன வருஷம் பொட்டு அளவு இருந்தது. இன்னிக்குப் பாருங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் நாங்க வீட்டுக்குள்ள நீச்சல் அடிக்கணும். படுக்கையறைச் சுண்ணாம்பு நெத்தியில உதிருது. முகம் கழுவாமலே பவுடர் போட்ட மாதிரி ஆயிடுது."

அந்தப் பெண்மணி சிரித்தார். நகத்தால் சுவரைச் சுரண்டிப் பார்த்தார். அவரும் குறித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று புகார்க்காரர் வியந்தார்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார்.

"நீச்சல் அடிக்கணும்னா சொன்னீங்க?" தையலம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப நல்லாச் சொல்லியிருக்கீங்க. ஆனா ஒண்ணை விட்டுட்டீங்களே. பால்கனியைப் பார்த்தா யாரா இருந்தாலும் மயங்கிடுவாங்க. நீங்களே அப்படித்தானே இந்த வீட்டுல விழுந்தீங்க?"

புகார்க்காரருக்குத் திக்கென்றது. அட, ஆமாம்!

வியாழக்கிழமை வந்தவர் காதில் பென்சில் செருகியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என்று புகார்க்காரர் முடிவு கட்டினார். வாத்தியார் கூடத்தில் நிற்கவில்லை. நேரே பால்கனிக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நீட்டினார்.

"நல்ல இடமா இருக்கே சார். சாயங்காலம் காத்து வருமா?"

 ஆள் மயங்கிவிட்டார். வீடு கை நழுவப் போகிறது. புகார்க்காரர் தன் நாற்காலியைப் பார்த்தார். எதிர்வீட்டு மரத்தைப் பார்த்தார். மனத்துக்குள் இரண்டிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"காத்தா! புழுதி வரும் சார். காலையில வெயில், சாயங்காலம் கொசு. மழை வந்தா நேரா முகத்துல அடிக்கும். மனுஷன் உட்கார லாயக்கில்லாத இடம்."

"அப்போ இந்த நாற்காலி?"

"உடைஞ்ச சாமான். தூக்கிப் போட இடமில்லாம இங்கே போட்டு வச்சிருக்கோம்."

"அப்போ மூடிடறதே நல்லதுன்னு சொல்றீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு மூடிடலாம் சார்!"

பென்சில்காரர் அதையும் எழுதிக்கொண்டு போனார். அன்று மாலை புகார்க்காரர் கம்பி மேல் காலைப் போட்டு, வெற்றி பெற்ற தளபதி மாதிரி சாய்ந்திருந்தார். காற்று அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வீட்டுக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர். அவருக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடிப் பெண்மணி. கடைசியில் காதுப் பென்சில்.

புகார்க்காரர் ஓரடி பின்வாங்கினார். மூன்று பேரும் சேர்ந்து போட்டுக் கொடுத்துவிட்டார்கள்!

வீட்டுக்காரர் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார் நீங்க! ஆறு வருஷமா இவ்வளவு கஷ்டத்தை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே! உங்க வீட்டம்மா திங்கட்கிழமை வந்து பேசினதாலதானே எனக்கே தெரிஞ்சது."

"வீட்டம்மாவா?"

"ஆமா. இவர் குழாய் வேலை. இவங்க பெயின்ட் காண்ட்ராக்ட். இவர் தச்சர். நேர்ல வந்து பாருங்கன்னு நான்தான் அனுப்பினேன்."

புகார்க்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். தையலம்மா வாயில் குண்டூசியோடு, ரொம்பப் பணிவாக நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரரே மீதியையும் சொன்னார்.

"நான் ஏத்தறதுல பிடிவாதமாத்தான் இருந்தேன். அவங்க ஒரு நோட்டை நீட்டினாங்க. பள்ளிக்கூடம் போற வழியில பதினோரு கேட்ல 'வாடகைக்கு' போர்டு தொங்குது. ஒவ்வொண்ணும் எந்தத் தேதியிலேர்ந்து தொங்குதுன்னு எழுதியிருக்காங்க. ரெண்டு போர்டுல எழுத்தே அழிஞ்சு போச்சாம்! எல்லாரும் ஸ்டேஷனை நம்பி ஏத்திக் கேக்கறாங்க, ஸ்டேஷன் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், யாரும் குடிவர மாட்டேங்கறாங்க. 'கால் பங்கு ஏத்தி மூணு மாசம் பூட்டி வச்சா, வருஷம் முழுக்க ஏத்தினது அதுலயே போயிடுமே அண்ணா'ன்னு கேட்டாங்க. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். போயிடுது சார்!"

"அதனால?"

"குறை இருக்கற வீட்டுக்கு முழு உயர்வு நியாயம் இல்லை. கேட்டதுல பாதி மட்டும் ஏத்திக்கறேன், ரெண்டு வருஷத்துக்கு அதேதான். குறையையும் சரிபண்ணித் தரேன்." அவர் ஒரு தாளைப் பிரித்தார். "குழாய். குளியலறை. சுவர். சுண்ணாம்பு. கடைசியா, பால்கனி. மனுஷன் உட்கார லாயக்கில்லை. பலகை அடிச்சு, ஜன்னல் வச்சு மூடணும். இது நீங்க சொன்னதுதானே?"

"சார், பால்கனி மட்டும்... அது அவ்வளவு மோசம்னு..."

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அது பொய்யா? அது பொய்னா மத்ததும் பொய்யா சார்? குறையே இல்லைன்னா சொல்லிடுங்க. முழு உயர்வு போட்டுக்கலாம்."

 சமையலறையில் தகர வாளி டொக்கு, டொக்கு என்றது. தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"உண்மைதான் சார்" என்றார் புகார்க்காரர். "ரொம்பக் கொசு."

எல்லோரும் போன பிறகு அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க யாருன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

தையலம்மா ஊசிகளை எடுத்தார். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? 'ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரருக்கு எதுக்குச் சிரமம்'னு காபி குடுத்து அனுப்பியிருப்பீங்க."

 காபி கொடுத்துத்தான் அனுப்பியிருப்போம் என்று அவருக்கும் தெரிந்தது.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். வீடு புது வீடு மாதிரி ஆகிவிட்டது. குழாய் வாயை மூடிக்கொண்டது. சுவர் பளபளத்தது. படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி நடக்க முடிந்தது. பால்கனி இருந்த இடத்தில் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு குட்டி அறை இருந்தது. அதன் நடுவே, பகல் வெளிச்சம் முழுவதையும் வாங்கிக்கொண்டு தையல் மிஷின் நின்றது.

ஜன்னலில் நீலத் திரை தொங்கியது. நூல் பிசகாமல் பொருந்தியது.

புகார்க்காரர் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா. இதை நீ திங்கட்கிழமை தைச்சே."

"ஆமா."

"தச்சர் வியாழக்கிழமைதானே வந்து அளந்தார்?"

"அவருக்கு அளவு தெரியாது. அதனால வந்து அளந்தார். எனக்கு நாலு வருஷமாத் தெரியும்."

சாய்வு நாற்காலிக்கு வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் சமையலறை வாசல்தான். அங்கே உட்கார்ந்தால் மரம் தெரியவில்லை. ஆனால் காபி சூடாகக் கிடைத்தது. புது அறையிலிருந்து மிஷின் ஓடும் சத்தமும், இடையிடையே அவர் மனைவி முணுமுணுக்கும் பாட்டும் நன்றாகக் கேட்டன. ஒரே கஷ்டம், உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் உரிப்பதற்கு ஒரு கூடை பட்டாணி மடிக்கு வந்துவிடும். மூன்றாவது கூடையில் அவர் பொறுமை தீர்ந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய்விட்டு, சொந்தமாக ஒரு புகார் செய்தார்.

"இந்த வீட்டுல நான் நிம்மதியா உட்கார ஒரு இடம் இல்லை!"

மிஷின் நின்றது. தையலம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பார்க்கிறோம் சார்."