புது ரவுட்டரில் புகுந்த திருடன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அதேபோல் இருக்க வேண்டும். என் எடை குறையாவிட்டால் பெட்டியோடு வந்து அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொள்வதாக அவள் மிரட்டினாள் அல்லவா? நான் நன்றாக இளைத்து, சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குவதாக நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். போனில் நான் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்பாள்.

நிற்க. அத்தை கேட்டாள் என்று நீங்கள் அனுப்பிய ரவுட்டர் பிரமாதம். பழையது ஹாலைத் தாண்டாது. படுக்கையறையில் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பாதியில் அது நின்று, நான் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டு வருவதற்குள் தூக்கமே வந்துவிடும். இது மூலை முடுக்கெல்லாம் எட்டுகிறது. பழைய பாஸ்வேர்டையே போட்டால் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றீர்கள், ஒட்டிக்கொண்டது. கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது மாப்பிள்ளை! ரவுட்டரோடு வந்த ஆப்பில் பார்த்தால் என் போன், அத்தை போன், டிவி, அப்புறம் பெயரே இல்லாத ஒன்று. தினமும் காலையில் எட்டிப் பார்க்கும், போய்விடும். யாராயிருக்கும்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவியை அணைத்தேன், மிக்ஸியைப் பிடுங்கினேன். "ஃப்ரிட்ஜையும் பிடுங்குங்க, பால் கெட்டா நீங்களே குடிங்க"ன்னு அத்தை கத்துறா. காலையில நம்ம வீட்டுக்கு வர்றது யாரு? பேப்பர் படிக்க வர்ற மாடி வீட்டு இன்ஜின் டிரைவர், ரிட்டையர் ஆனவர், என்னோட செஸ் ஆடுற ஒரே ஆள். நேரா கேக்க மனசு வரலை, விடவும் முடியலை. "சில பேருக்கு அடுத்தவன் இன்டர்நெட்னா இனிக்குது"ன்னு பொதுவா சொல்லி வச்சேன். மனுஷன் பேப்பரை மடிச்சு வச்சுட்டு மேலே போனவர்தான், திரும்ப வரலை. இப்ப ரெண்டு பக்கமும் நானே ஆடுறேன், அதிலும் தோத்துப்போறேன்.

அந்தத் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி எழுதுங்கள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி, எந்த அறையில் இருந்தாலும் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கவரை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை ஆப்பைப் பார்த்துக்கொண்டே, மகள் வாங்கிக்கொடுத்த எடை மெஷினைக் கட்டிலடியிலிருந்து இழுத்து, வழக்கம்போல ஏறி நின்றேன். பெயரில்லாதவன் வந்தான். இறங்கினேன், போய்விட்டான். ஏறினேன், வந்தான்! எனக்கு வேர்த்துவிட்டது. அதற்குள் மகளிடமிருந்து போன். "என்னப்பா, ஏறி ஏறி இறங்குறீங்க? எத்தனை தடவை நின்னாலும் அதே எடைதான். புது ரவுட்டர் வந்ததும், இத்தனை நாள் என் போனுக்கு வராம இருந்த எடைக் கணக்கும் மொத்தமா வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்பி வர்றேன்." ஆகவே, இளைத்தேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்ஜின்காரர் தன் பட்டன் போனைக் காட்டினார். பிறகு செஸ் பலகையோடு இறங்கி வந்தார். பழைய ரவுட்டரையே மாட்டிவிடலாமென்று அதை எங்கே வைத்தாய் என்று கேட்டால், உங்கள் அத்தை சிரிக்கிறாள். "கட்டிலடி வரைக்கும் எட்டணும்னுதானே புதுசு கேட்டேன்!"