முலாம் பூசாத ஸ்பிரிங்

என் மனைவி காவேரி, என் சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகுகிறாள். கையும் களவுமாகப் பிடித்தே தீருவதென்று முடிவு செய்துவிட்டேன்.

சந்தேகம் சும்மா வரவில்லை. அவள் சேலைக் கரையில் கறுப்பாக மசி. சைக்கிள் சங்கிலி மசியேதான்!

"ஏது இந்தக் கறை?"

"சட்டிக் கரிங்க."

சட்டிக் கரி கணுக்காலுக்கு எப்படி வரும்? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஊருக்கு ரெண்டு மைல் தள்ளி ஒரு புளியந்தோப்பில் நண்பர்களோடு எனக்குச் சீட்டாட்டம். அது அவளுக்குத் தெரியாது. அவள் நடந்து பின்தொடர்ந்தால் என் சைக்கிளை எட்ட முடியாது. அவளும் சைக்கிள் விட்டால் என் கதி?

கம்பைநல்லூர்க் கடைத்தெருவில் வெங்கடாசலத்தின் வாடகை சைக்கிள் கடைக்குப் போனேன்.

"சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் மாத்தணும்."

"பித்தளைக் கம்பி இருக்குதுங்க. துரு ஏறாது. ஆனா ஒங்க பாரத்துக்கு அமுங்கினா எந்திரிக்காது."

"வேண்டாம்."

"எஃகு, மேல நிக்கல் முலாம். சீமைச் சரக்கு. சத்தமே வராதுங்க."

"வராதா? வேண்டவே வேண்டாம்! முலாம், பெயிண்ட் எதுவும் இல்லாத வெறும் எஃகு கொடு."

"ஐயோ, ஒரு மழைக்கே துருப் புடிச்சுக் கத்துங்க!"

"கத்தணும். அதான் வேணும்!"

வெங்கடாசலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. அவன் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

தினமும் ஸ்பிரிங்குக்கு உப்புத் தண்ணீர் அபிஷேகம். எட்டாம் நாள் ஏறி உட்கார்ந்தேன். கிரீச்! பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அப்புறம் பத்து நாள், மத்தியானம் தூங்குகிற மாதிரி படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமில்லை. பாவம், உத்தமியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே! நிம்மதியாகத் தோப்புக்குக் கிளம்பினேன்.

மூன்றாவது ஆட்டம். கையில் அருமையான சீட்டு. பின்னால் சைக்கிள் மணி. திரும்பினால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சைக்கிளில் காவேரி!

"யா... யாரு சைக்கிளு இது?"

"வெங்கடாசலண்ணன் கடை வாடகை சைக்கிளுங்க. ரெண்டு மாசமா இதுலதான் பழகறேன். ஒங்களுத யாரு தொட்டா?"

"இந்த எடம் எப்படித் தெரிஞ்சுது?"

"ஒங்க ஸ்பிரிங்கு கத்தற பக்கமே மிதிச்சு வந்தேன். எந்திரிங்க, வூட்டுக்குப் போலாம். நீங்க முன்னாடி போங்க."

ஏறினேன். கிரீச்!

"நல்லா பாத்துத்தான் வாங்கியிருக்கறீங்க" என்றாள். "இதுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க, அப்பறம் இருக்குது!"