பாராயணத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

இமை கொட்டாமல் எல்லா உலகையும் ஒரே பார்வையில் காண்பவனே, உன் திருவடி போற்றி. நீ காணும் காட்சியில் மேகம் நகரும், ஆறு ஓடும், பறவை சிறகசைக்கும். எதுவும் பாதியில் நின்று திக்குவதில்லை. உன் அடியவனுக்கு வாய்த்த காட்சியோ திக்கியது. அதைச் சீர்செய்யப் புறப்பட்டு நான் அடைந்த கதியை இங்கே சொல்லத் துணிகிறேன். பிழை பொறுத்தருள்க.

குடிநீர்க் குழாய்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். மாலையில் என் இல்லாள் நடைப்பயிற்சிக்குப் படியிறங்கியதும் நான் கொக்காகிவிடுவேன். கணினியில்தான். அதற்கு ஆட்டம் என்று பெயர். ஆனால் எதிரி இல்லை, ஆயுதம் இல்லை, வெற்றியும் தோல்வியும் இல்லை. வெண்கொக்கு ஒன்று மலைகளின்மேல் பறக்கும், அவ்வளவே. பொத்தானை மெல்லத் தொட்டால் சிறகு சாயும். கீழே உருகிய வெள்ளியாய் ஆறு வளையும். மேகத்துக்குள் புகுந்து வெளிவரும்போது எனக்கு முழங்கால் என ஒன்று இருந்ததே நினைவிராது.

ஆனால் கணினி பழையது. மலைக்கோடியில் ஓர் அருவி உண்டு. அதை நெருங்கியதும் படம் உறைந்துவிடும். தூக்கிய சிறகு தூக்கியபடி நிற்கும். அருவி அந்தரத்தில் தொங்கும். மறுபடி அசையும்போது கொக்கின் அலகு பாறைக்குள் இருக்கும். அருவிக்கு அப்பால் என்ன இருக்கிறது? வைகுந்தமே இருக்கலாம். எனக்குத் தெரியாது. கண்மூடுவதற்குள் அதை ஒருமுறை கண்டே தீர்வேன் என்று உறுதி பூண்டேன்.

புது மானிட்டர் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இரண்டுக்கும் முன்னே இல்லாளின் இசைவு வேண்டும். அவளோ பள்ளியில் கணக்குக் கற்பித்தவள். விடையைச் சொன்னால் போதாது. வழியையும் காட்ட வேண்டும். "கொக்காகப் பறக்க" என்பதை வழியாக எந்தக் கணக்காசிரியையும் ஏற்கமாட்டாள்.

ஆகவே வேறு வழி போட்டேன்.

"இந்தாம்மா, புத்தகத்துல எழுத்தெல்லாம் எறும்பா ஊருது. பாசுரங்களைக் கம்ப்யூட்டர்ல பெரிய எழுத்தா வச்சுப் படிக்கலாம்னு பாக்கறேன்."

"நல்லதுதானே. படிங்க."

"பழைய மானிட்டர்ல வரி மேல நகரும்போது வெட்டி வெட்டிப் போகுது. பக்தி கலையுது."

"கலையுதா?"

"சிதறியே போகுது!"

"அடடா. அப்ப மாத்திடலாங்க."

இவ்வளவு எளிதில் அவள் இசைந்தபோது நான் ஐயுற்றிருக்க வேண்டும். மேகத்தில் மிதந்துகொண்டிருந்தேன்; ஐயுறவில்லை.

முதல் வேலையாகக் கணினிக் கடைக்காரரைத் தனியே பார்த்தேன். "நாளைக்கு வீட்டம்மாவோட வருவேன். ஆட்டம்ங்கிற சொல் உங்க வாயில வரவே கூடாது. பாராயணம்னுதான் சொல்லணும்" என்றேன்.

"கவலைப்படாதீங்க ஐயா. நானும் கல்யாணமானவன்தான்" என்றார் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் கடையில் சுவரெங்கும் மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே கடல். ஒன்றில் அலை நொண்டியது. அடுத்ததில் உறங்கும் குழந்தையின் மார்புபோல எழுந்து தணிந்தது. அதன்முன் நின்றவன் நின்றபடியே கரைந்துபோனேன். இல்லாள் கரையவில்லை.

"ரெண்டும் ஒரே படம்தானே? ஏன் இது தத்துது, அது வழுக்கிட்டுப் போகுது?"

"இது நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கும்மா. அது நூத்துநாப்பத்துநாலு தடவை" என்றார் கடைக்காரர்.

"அப்ப அந்த மானிட்டரே போதுமே."

"மானிட்டர் மட்டும் ஓடினாப் பத்தாதும்மா. படத்தை வரைஞ்சு குடுக்கறது உள்ளே இருக்கிற கார்டு. அது மெதுவா வரைஞ்சா, மானிட்டர் காட்டின படத்தையே திரும்பக் காட்டும். மானிட்டர் ரொம்பப் பெருசா இருந்தா கார்டுக்கு மூச்சு வாங்கும். ரெண்டும் ஜோடி சேரணும். சில மானிட்டர், கார்டு போற வேகத்துக்குத் தன்னையே மாத்திக்கும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஓடிட்டிருக்கு."

"மாத்திக்கறது யாரு?" என்றேன்.

அவள் கார்டின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். அதன்மேல் ஏழெட்டுத் தலையோடு ஒரு நாகம் தீயைக் கக்கிக்கொண்டிருந்தது.

"பாராயணத்துக்கு இது எதுக்குங்க?"

கடைக்காரர் கண்ணிமைக்கவில்லை.

"ஆதிசேஷன்மா."

"நெருப்பு?"

"மூச்சுக்காத்தும்மா. கொஞ்சம் சூடா இருக்கு."

"ஓகோ" என்று அவள் பக்தியோடு பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அடக்கத்தோடு, "சின்ன கார்டே போதும்மா" என்றேன்.

"சும்மா இருங்க. சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணலாமா? இதையே குடுங்க. வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டர் பெட்டி இதைத் தாங்குமா?"

"தாங்காதும்மா. புதுப் பெட்டியிலதான் பொருத்தணும்."

"புதுசே பொருத்துங்க. வீட்டுக்கே வந்து பொருத்துங்க. மானிட்டரை நெட்டுக்குத்தா நிறுத்த முடியுமா?"

"முடியும்மா."

"அது எதுக்கு?" என்றேன்.

"பாசுரம் நீளமாத் தெரியுமேங்க."

என்னே இவள் அன்பு என்று உருகினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்த பேருந்துகூட மேகம்போல விலகிச் சென்றதாகவே தோன்றியது. ஓட்டுநர் திட்டியது பிறகுதான் காதில் விழுந்தது.

பொருத்தும் நாளன்று, "தூசி பறக்கும், நீங்க முடிவெட்டிட்டு வாங்க" என்று அனுப்பினாள். சென்றேன். நாவிதர் என் தலையைச் சாய்த்தபோதெல்லாம் நான் சிறகைச் சாய்த்தேன். மாலையில் கழுத்தில் மயிர்த்துணுக்கு உறுத்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

கூடத்தின் நடுவே மானிட்டர் நெட்டுக்குத்தாக நின்றது. எதிரே நாற்காலிகள். எதிர்வீட்டுத் தையற்காரம்மா, மாடிவீட்டு நர்ஸம்மா, அவருடைய மாமியார் எல்லாரும் கைகூப்பி அமர்ந்திருந்தார்கள்.

"வாங்க வாங்க. உங்களுக்குத்தான் காத்திட்டிருக்கோம்" என்றாள் இல்லாள்.

"எதுக்கு?"

"பாராயணத்துக்கு. தினமும் சாயங்காலம் நீங்க படிக்கணும், நாங்க கேக்கணும். நான் நடைப்பயிற்சியைக் காலைக்கு மாத்திட்டேன்."

"அண்ணன் குரல் கணீர்னு இருக்கும்னு அக்கா சொன்னாங்க" என்றார் தையற்காரம்மா.

படித்தேன். வேறென்ன செய்வது? வரிகள் கீழிருந்து எழுந்து, ஒளியில் நனைந்து, ஆற்றில் விட்ட பூக்களாய் மேலே மிதந்து மறைந்தன. ஓரெழுத்தும் திக்கவில்லை. திக்கியது நான் மட்டுமே. ஆயினும் படிக்கப் படிக்க நெஞ்சு இளகி, கண் நனைந்தது உண்மை. பாதி பக்தியால், மீதி கொக்கால்.

எல்லாரும் சென்றபின் மெல்லத் தொடங்கினேன்.

"இந்தாம்மா, சும்மா இருக்கற நேரத்துல இதுல வேற எதையாவது... கண்ணுக்குக் குளிர்ச்சியா... பாக்கலாமா?"

"பாராயணப் பெட்டியிலயா? பக்தி சிதறிடாது? உங்க கொக்கு பழைய பெட்டியில பத்திரமா இருக்கு. அதுலயே பறங்க."

"கொக்கா? உனக்கு எப்படி..."

"நான் திரும்பி வர்றப்பல்லாம் ரெண்டு கையையும் விரிச்சு, ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருப்பீங்க. மூட்டுவலிக்கு அப்படி ஒரு ஆசனம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

மானத்தை விட்டேன். "அந்தப் பெட்டியில அருவிக்கிட்ட நின்னுடுதும்மா! அருவிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும். அதுக்குத்தான் இவ்வளவும்."

அவள் முகம் கனிந்தது. அருகில் வந்து, என் கழுத்தில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிவிட்டபடி சொன்னாள்:

"அதுக்கா இப்படித் தவிச்சீங்க? கார்டைச் சோதிக்காம வாங்கி வைக்க முடியுமா? மத்தியானமே உங்க கொக்கை இதுல ஏத்தச் சொல்லி நான் பறந்து பாத்துட்டேங்க. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லை, இன்னொரு அருவிதான்."

இதைக் கேட்டோர் இல்லங்களில் காட்சியெல்லாம் தங்குதடையின்றி ஓடுக. கணவனும் மனைவியும் ஒரே தாளத்தில் இயங்குக. அவரவர் அருவியை அவரவரே முதலில் கடக்க இறைவன் அருள்க.